கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாள்: சிறு கடைகளுக்கு இணையதளம் அமைப்போருக்கான வழிகாட்டி

சிற்றூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் தமக்கு ஓர் இணையதளம் வேண்டுமென்று கேட்டு, அந்த வேலை முதன்முதலாக உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவே மடிக்கணினியைத் திறந்து டெம்ப்ளேட் எனப்படும் ஆயத்த வடிவமைப்பைத் தேடத் தொடங்குவது பெரும்பாலோரின் வழக்கம்; நானும் அப்படித்தான் தொடங்கினேன். அவ்வாறு நான் செய்துகொடுத்த முதல் சில தளங்கள் பார்வைக்கு அழகாகவே இருந்தன. ஆனால் கடைக்காரர்களின் தொலைபேசி முன்பு எப்படி ஒலித்ததோ அப்படியே ஒலித்துக்கொண்டிருந்தது. அழைத்தவர்களும் கடை எத்தனை மணிவரை, விலை என்ன, வெளியூருக்கு அனுப்புவீர்களா என்ற அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். நான் கட்டிய தளங்களில் அவற்றுக்குப் பதிலே இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே இந்த வழிகாட்டி, தொலைபேசியில் வரும் கேள்விகளிலிருந்து தொடங்குகிறது. பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கடையைக் கண்முன் வைத்துக்கொள்கிறேன்: கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்து விற்கும் ஒரு நடுத்தரக் கடை. இது குறிப்பிட்ட எந்தக் கடையையும் சுட்டுவதன்று. சில்லறை, மொத்தம், கல்யாண ஆர்டர், கூரியர் என நான்கு வகை வாடிக்கையாளர்களும், உணவுப்பொருளுக்கே உரிய சட்டத் தேவைகளும் ஒரே இடத்தில் கூடிவருவதாலும், 2020ஆம் ஆண்டில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லித் தேடுவதாலும் இதைத் தேர்ந்தேன். தையற்கடை, பல் மருத்துவமனை, மெஸ், எலெக்ட்ரிகல் கடை என எதற்கும் இதே வரிசை பொருந்தும்.

முதற்படி: கடையில் உட்கார்ந்து கேட்டல்

ஒரு சனிக்கிழமை காலையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றுடன் கடைக்குச் சென்று, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருங்கள். தொலைபேசியில் அழைப்பவர்களும் நேரில் வருபவர்களும் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமை கடை உண்டா?", "கிலோ என்ன வெல?", "சென்னைக்கு அனுப்புவீங்களா, கூரியருக்கு எவ்வளவு ஆகும்?", "கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில போடுற மாதிரி சின்னப் பாக்கெட் கெடைக்குமா?", "எத்தனை நாள் கெடாம இருக்கும்?", "பஸ் ஸ்டாண்டுல எறங்கி எப்படி வரணும்?" ஒரே கேள்வி மறுபடி வரும்போது புதிதாக எழுதாமல் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். மாலையில் எந்தக் கேள்விக்கு அதிகக் கோடுகள் விழுந்திருக்கின்றனவோ அதற்கான பதிலே உங்கள் முகப்புப் பக்கத்தின் முதல் வரி. அடுத்தடுத்த கேள்விகள் அடுத்தடுத்த வரிகள். தளத்தின் வடிவம் பாதிக்கு மேல் அந்த நோட்டிலேயே முடிந்துவிடும்.

கடையை அடைக்கும் நேரத்தில், ஆள் ஓய்ந்திருக்கும்போது, உரிமையாளரிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வருகிற அழைப்புகளில் எது அவருக்குப் பிடிக்கும், எது பிடிக்காது? புதியவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை. அரைக் கிலோவைப் பொட்டலம் கட்டிக் கூரியர் அலுவலகத்துக்கு ஆள் அனுப்புவது அவருக்கு நட்டமாக இருக்கலாம். கல்யாண வீட்டு ஆர்டர் வந்தால் முகம் மலரலாம். அப்படியென்றால் கூரியருக்குக் குறைந்தபட்ச அளவு இவ்வளவு என்று தளத்தில் தெளிவாக எழுதுவதும், விசேஷ ஆர்டருக்குத் தனிப் பக்கம் ஒதுக்குவதும் உங்கள் வடிவமைப்பில் முதன்மையான முடிவுகளாகிவிடும். நிறமும் எழுத்துருவும் அதற்குப் பின்னால்தான் வரும்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தபிறகு, இந்தக் கடைக்குத் தனித் தளமே தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றவும் கூடும். தெருவிலுள்ள நாற்பது வீடுகளை மட்டுமே நம்பியிருக்கும் இஸ்திரிக் கடைக்கு வரைபடப் பதிவும் வாட்ஸ்அப் எண்ணும் போதும். அதைச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். நான் இப்படிச் சொல்லிவிட்டு வந்த கடைக்காரர்கள் எனக்குப் பின்னாளில் இரண்டு பெரிய கடைகளை அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி: வரைபடத்தில் கடையைச் சேர்த்தல்

கூகுள் வரைபடத்தில் கடையின் பதிவு சரியாக இல்லாமல் இணையதளம் மட்டும் இருப்பது, ஊருக்குள் வழிகாட்டிப் பலகை இல்லாமல் சந்துக்குள் கடை திறப்பதற்கு ஒப்பாகும். முன்பு கூகுள் மை பிசினஸ் என்றும், 2021 முதல் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்றும் அழைக்கப்படும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கடை ஏற்கெனவே வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். யாரோ ஒரு வாடிக்கையாளர் தவறான எழுத்துக்கூட்டலுடன் சேர்த்துவைத்திருப்பது அடிக்கடி நடக்கும். இருந்தால் அதையே உரிமைகோரிப் பெறுங்கள். இரண்டாவதாக ஒன்றை உருவாக்கினால் குழப்பமே மிஞ்சும். இந்தப் பதிவு உரிமையாளரின் ஜிமெயில் கணக்கில் இருக்க வேண்டும், உங்களை மேலாளராக மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வரைபடக் குறி கடை வாசலில் நிற்கிறதா என்று நேரில் நின்று சரிபாருங்கள். பின்தெருவில் குறி விழுந்திருந்தால் வெளியூர் வண்டிகள் அங்கே போய்ச் சுற்றும். வேலை நேரத்தை நிரப்பும்போது மதியம் சாப்பாட்டுக்கு அடைக்கும் இடைவேளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழா, தீபாவளி, பொங்கல் நாட்களுக்கான சிறப்பு நேரத்தை முன்கூட்டியே பதியும் வசதியும் அதில் உண்டு. கடைப்பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் தளத்திலும் வரைபடத்திலும் ஒன்றுபோலவே இருக்கட்டும்.

வரைபடப் பதிவே போதுமே, தனித் தளம் எதற்கு என்று கடைக்காரர் கேட்டால் சொல்வதற்கு ஒரு நிகழ்வு இருக்கிறது. இந்தப் பதிவுடன் சேர்த்து இலவசமாக ஒரு பக்கத் தளம் அமைத்துக்கொள்ளும் வசதியைக் கூகுள் பல ஆண்டுகள் வழங்கிவந்தது; 2024 மார்ச்சில் அத்தளங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருந்தவர்கள் புதிதாக அச்சிட வேண்டியதாயிற்று. வாடகை இடத்தில் நாற்காலி போடலாம், தூண் எழுப்பக் கூடாது.

மூன்றாம் படி: பெயரும் அதன் சாவியும்

டொமைன் எனப்படும் தளப்பெயரை வாங்குவது பத்து நிமிட வேலை. ஆனால் இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரும்பாலான சண்டைகளின் வேர் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. ஓர் ஊரில் ஒரு துணிக்கடைக்குத் தளம் செய்துகொடுத்த இளைஞர், வசதியாக இருக்கட்டுமென்று தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் தளப்பெயரை வாங்கினார். இரண்டாண்டுகளில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் பயன்படுத்தாமல் விட்ட மின்னஞ்சல் பெட்டிக்குள் போய் விழுந்தன. கெடு முடிந்து பெயர் காலாவதியாகி, வேறு யாரோ அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த முகவரி அச்சடித்த துணிப்பைகள் மட்டும் கடையின் மாடியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அசட்டைதான் காரணம்.

எனவே உரிமையாளரின் பெயர், அவருடைய மின்னஞ்சல், அவர் சட்டைப்பையிலிருக்கும் தொலைபேசியின் எண் ஆகியவற்றைக் கொண்டே பதிவு செய்யுங்கள். பணத்தையும் அவரே கட்டட்டும். முதலாண்டுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டிலிருந்து பல மடங்கு வாங்கும் விற்பனையாளர்கள் இருப்பதால், புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையே விலையாகக் கருதுங்கள். இந்தியாவிலுள்ள கடைக்கு 'டாட் இன்' அல்லது 'டாட் காம்' இரண்டில் ஒன்று போதும். 'டாட் இன்' பெயர்களை நிக்சி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழிலேயே 'புள்ளி இந்தியா' என்று முடியும் பெயர்களும் கிடைக்கின்றன; எனக்கு அவற்றின்மேல் ஆசை உண்டு, ஆனால் கூரியர் படிவத்திலும் பழைய மின்னஞ்சல் மென்பொருள்களிலும் அவை இன்னும் தடுமாறுவதால், கூடுதல் பெயராக வைத்துக்கொள்ளலாமே தவிர ஒரே பெயராக வைக்கச் சொல்லமாட்டேன்.

பெயரின் எழுத்துக்கூட்டலில் நம் மொழிக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்தை ஒருவர் இரண்டெழுத்துச் சேர்க்கையாலும் இன்னொருவர் லகர எழுத்தாலும் எழுதுவார். 'மிட்டாய்' என்ற சொல்லுக்கே மூன்று நான்கு விதமான கூட்டல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பெயர்ப்பலகையிலும் ஜி.எஸ்.டி. சான்றிதழிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே வாங்குவது நல்லது. வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: அந்தப் பெயரைத் தொலைபேசியில் மூன்று பேரிடம் வாயால் சொல்லி, அவர்கள் என்ன தட்டச்சு செய்தார்கள் என்று அனுப்பச் சொல்லுங்கள். மூவரும் மூன்று விதமாக அனுப்பினால் வேறு பெயர் பாருங்கள்.

தளத்தை எங்கே வைப்பது, எதில் செய்வது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஐந்து பக்கத் தளத்துக்கு எளிய ஹெச்.டி.எம்.எல். பக்கங்களே போதும், அவற்றில் பழுதாக ஒன்றுமில்லை, வேகமும் அதிகம். நிலக்கடலை விலைக்கேற்ப மிட்டாய் விலை மாறும்போதெல்லாம் உரிமையாளரின் மகளோ மருமகனோ தாமே திருத்துவதாக இருந்தால், நிரல் எழுதாமலே பக்கங்களைத் திருத்த உதவும், 2003 முதல் புழக்கத்தில் இருக்கும் வேர்ட்பிரஸ் ஏற்றது. ஆனால் அதன் மென்பொருளையும் கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களையும் தொடர்ந்து புதுப்பிக்காவிட்டால், அந்நியர் யாராவது உள்ளே புகுந்து, ஒருநாள் மிட்டாய்க் கடைத் தளத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடும். தளத்துக்கும் உலாவிக்கும் இடையே போகும் தகவலை மறைத்து அனுப்ப உதவும் பாதுகாப்புச் சான்றிதழுக்கெனத் தனிப்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2015இலிருந்து அதை இலவசமாக வழங்கிவருகிறது, தளத்தை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்களில் பெரும்பாலானவை தாமே பொருத்தித் தருகின்றன. சான்றிதழ் இல்லாத தளத்தை 2018 ஜூலை முதல் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்டிவருவதால், இதை விட்டுவிடவும் முடியாது.

நான்காம் படி: எழுத வேண்டியதை எழுதிவிடுதல்

வடிவமைத்துவிட்டுப் பிறகு எழுத்தை நிரப்பலாம் என்று நினைத்தால், அந்த எழுத்து வந்து சேராது. கடைக்காரர் 'நாளைக்குத் தருகிறேன்' என்று ஆறு மாதம் சொல்வார். அவர் சோம்பேறியல்லர், எழுதுவது அவர் தொழிலில்லை, அவ்வளவுதான். அவரைப் பேசவைத்துப் பதிவு செய்து நீங்களே எழுதுங்கள். கடலை எங்கிருந்து வருகிறது, வெல்லம் எந்தப் பக்கத்து வெல்லம், பாகு பதம் பார்ப்பது யார், ஒரு நாளைக்கு எத்தனை தட்டு போடுகிறார்கள், மேலே தூவும் தேங்காய்த் துருவலுக்கு நிறம் சேர்க்கிறார்களா, மழைக்காலத்தில் பிசுபிசுக்காமல் எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்டால் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். அதில் நான்கு வாக்கியங்கள் போதும். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வரி வேண்டவே வேண்டாம். அது எல்லாக் கடைகளின் காலண்டரிலும் இருக்கிறது.

விலையை எழுதத் தயங்குவார்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பதே காரணமாகச் சொல்லப்படும். பக்கத்துக் கடைக்காரருக்கு அது எப்போதோ தெரியும் என்று நயமாக எடுத்துச்சொல்லுங்கள். விலை இருந்து, அதற்கருகில் 'இந்தத் தேதியின் நிலவரம்' என்ற குறிப்பும் இருந்தால், சும்மா விசாரிக்கும் அழைப்புகள் குறைந்து வாங்குவோரின் அழைப்புகள் மட்டும் வரும். புவிசார் குறியீட்டுச் சின்னத்தைத் தளத்தில் போடச் சொன்னால், கடைக்காரர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு பெற்றிருக்கிறாரா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கோவில்பட்டியில் கடை இருப்பதே அந்த உரிமையைத் தந்துவிடாது.

ஏற்கெனவே அச்சடித்த நோட்டீஸின் கோப்பு அச்சகத்திலிருந்து வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் இருக்கும். தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே, எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோலத் தெரியும் குறியாக்கமான யூனிகோடை ஏற்று ஆணையிட்டிருந்தும், அச்சகங்களில் பழைய எழுத்துருக்களே பெருவழக்காக இருந்துவருகின்றன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றியபின் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். கொம்புகளும் ஒற்றுகளும் இடம் மாறி நிற்பதுண்டு. எழுத்தைப் படமாக மாற்றி ஒட்டிவிடலாம் என்ற குறுக்குவழி மட்டும் வேண்டாம். படத்திலுள்ள எழுத்தை, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் சரியாகப் படித்துக்காட்டாது, வாடிக்கையாளரால் எளிதில் நகலெடுத்து அனுப்பவும் முடியாது.

மொழியைப் பொறுத்தவரை, தமிழ் முதலிலும் ஆங்கிலம் அடுத்தும் இருப்பது இத்தகைய கடைக்குப் பொருந்தும். தமிழைப் பேசியும் படிக்கத் தெரியாத அடுத்த தலைமுறை வெளிமாநிலங்களில் இருந்து ஆர்டர் செய்கிறது. தமிழ் படிப்பவர்களும் தேடும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஆகையால் பக்கத் தலைப்பில் கடைப்பெயரும் பொருளின் பெயரும் ஊர்ப்பெயரும் இரு எழுத்திலும் வரட்டும். ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்த தமிழ், கடைக்குள் நுழைந்ததும் அந்நியர் ஒருவர் வரவேற்பதைப்போல இருக்கும். அதைவிடத் தமிழ்ப் பக்கம் இல்லாமலே இருக்கலாம்.

ஐந்தாம் படி: படம் எடுத்தல்

இதற்குத் தொலைபேசியே போதும். காலை எட்டிலிருந்து பத்துக்குள், வாசல் பக்கம் வெளிச்சம் விழும்போது, ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். கட்டாயம் வேண்டிய படங்கள் மூன்று: தெருவின் எதிர்ப்புறத்தில் நின்று பெயர்ப்பலகை தெரிய எடுத்த கடை முகப்பு, ஏனெனில் புதிதாக வருபவர் அதை வைத்துத்தான் கடையை அடையாளம் காண்பார், பாக்கெட்டின் அளவு விளங்கும்படி ஒரு கையில் வைத்து எடுத்தது, வேலை நடக்கும்போது எடுத்தது. இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான படங்களை எடுத்துப் போட்டால் உரிமைச் சிக்கல் வருவது ஒருபுறமிருக்க, பார்சலைப் பிரித்தவர் படத்திலிருந்தது இதுவல்லவே என்று சண்டைக்கு வருவார்.

தொலைபேசியில் எடுத்த படம் நான்கைந்து எம்.பி. இருக்கும். அகலத்தை ஆயிரத்து இருநூறு பிக்சல் அளவுக்குக் குறைத்து வெப்-பி என்ற கனம் குறைந்த பட வடிவத்தில் சேமித்தால் இருநூறு கே.பி.க்குள் அடங்கிவிடும். தளம் மெதுவாக இருக்கிறதென்று என்னிடம் வந்த கடைகளில் பத்துக்கு எட்டில் படங்களின் கனமே காரணமாக இருந்தது.

ஆறாம் படி: வரைந்து, பிறகு கட்டுதல்

தொலைபேசியின் அகலத்தில் ஒரு தாளை வெட்டிப் பென்சிலால் வரையுங்கள். முதல் திரையில் கடைப்பெயர், என்ன விற்கிறீர்கள் என்ற ஒரு வரி, இன்றைய வேலை நேரம், 'அழைக்க', 'வாட்ஸ்அப்' என்ற இரு பொத்தான்கள் ஆகியவை இருந்தால் போதும். தானாக நகரும் பேனர் படங்களைக் கடைக்காரர்கள் விரும்பிக் கேட்பார்கள். இரண்டாவது படம் வருமுன் விரல் கீழே தள்ளிவிடுகிறது என்பதை அவர் கையாலேயே செய்யவைத்துக் காட்டுங்கள். தொலைபேசிக்குச் சரியாக வந்தபின் கணினித் திரைக்கு விரிப்பது எளிது. கூகுளும் தளங்களின் தொலைபேசி வடிவத்தையே அடிப்படையாக வைத்துத் தேடலுக்காக அட்டவணைப்படுத்துகிறது; 2016இல் அறிவித்த அந்த மாற்றத்தை 2023இல் முடித்தது.

தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத் தளத்தின் அளவுகளை அப்படியே வைத்தால் நெரிசலாகும். மேலே இகரக் கொக்கியும் புள்ளியும் கீழே உகர வளைவும் இருப்பதால் ஒவ்வொரு வரியின் உயரமும் எழுத்தளவைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு தேவை. எழுத்தளவும் 17 அல்லது 18 பிக்சல் இருக்கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். அவற்றில் ஒன்றை மட்டும், சாதாரணம், தடிப்பு என்ற இரண்டு கனங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒவ்வொரு கனத்துக்கும் ஒரு கோப்பு இறங்கும் என்பதால், ஆறு கனங்களைச் சேர்ப்பது வாடிக்கையாளரின் டேட்டாவை வீணாக்கும். சாய்வெழுத்து தமிழுக்கு வழக்கமில்லை. உலாவி வலிந்து சாய்த்துக் காட்டுவது கண்ணை உறுத்தும். எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விடும் ஆங்கிலத் தலைப்புப் பாணியில் 'கொ', 'கை' போன்றவை கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகப் பிரிந்து நிற்பதுபோலத் தோன்றும்.

நம் சொற்கள் நீளமானவை என்பதையும் மறக்கக் கூடாது. 'தொடர்புகொள்ளுங்கள்' என்பதைச் சிறு பொத்தானுக்குள் அடைத்தால் இரண்டு வரியாக உடையும். 'அழைக்க', 'வழி', 'விலை' என்று குறுக்கினால் அழகும் கெடாது, விரலுக்கும் இடம் கிடைக்கும். பொத்தானின் உயரம் 48 பிக்சலுக்குக் குறையாமலிருந்தால் வயதானவர்களின் விரலுக்கும் எட்டும். நிறத்தில் கடையின் பெயர்ப்பலகையைப் பின்பற்றுங்கள், ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டுமென்பது, பார்வை குறைந்தோர் உள்ளிட்ட எல்லோருக்கும் தளம் பயன்பட வகுக்கப்பட்ட அணுகல்தன்மை நெறிகளின் வரையறை. வெள்ளைமேல் மஞ்சள் எழுத்து அந்தச் சோதனையில் ஒருபோதும் தேறாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பதும் ஒரு சொல் வேலைதான். அது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை எந்த மொழியாக வாசிப்பதென்று ஊகிக்க வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: ஆர்டரும் பணமும் சட்டமும்

முதல் நாளிலேயே பொருள்களைச் சேர்த்து வாங்கும் கூடை, இணையவழிப் பணம் பெறும் கட்டண நுழைவாயில், பார்சல் கண்காணிப்பு என்று கட்ட வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் வரும் கடைக்கு வாட்ஸ்அப் இணைப்பே சிறந்த கூடை. இணைப்பில் எண்ணை எழுதும்போது நாட்டுக் குறியீடான 91-ஐ முன்னால் சேர்த்து, கூட்டல் குறியும் முன்சுழியமும் இடைவெளியும் இல்லாமல் எழுத வேண்டும். புதியவர்கள் தவறும் இடம் இது. 'எனக்கு இத்தனை கிலோ வேண்டும், அஞ்சல் குறியீட்டு எண் இது' என்ற வாசகத்தை முன்கூட்டியே நிரப்பிவைத்தால், 'ஹாய்' என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் குறைவார்கள். யு.பி.ஐ. கியூ.ஆர். படத்தைத் தளத்தில் பெரிதாகப் போடுவதில் பயனில்லை, கையிலிருக்கும் தொலைபேசியின் கேமராவை அதன் திரைக்கே காட்ட முடியாதல்லவா. கூரியர் செலவைச் சேர்த்து மொத்தத் தொகையை உறுதிசெய்தபின் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதே சச்சரவில்லாத முறை.

ஆர்டர் பெருகித் தளத்திலேயே விற்பனை நடக்கத் தொடங்கினால் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும், குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த அலுவலர் அண்ணாச்சியாகவே இருப்பார் என்றாலும் பெயர் அச்சில் வர வேண்டும். உணவுப்பொருளாதலால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டுமென்ற விவரம் ஆகியவற்றையும் பொருளின் அருகிலேயே கொடுங்கள். படிவத்தில் பிறந்த தேதி, பாலினம் என்று தேவையற்றதைக் கேட்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டமே வந்துவிட்டது. மிட்டாய் அனுப்புவதற்குப் பெயரும் முகவரியும் எண்ணும் போதுமானவை.

எட்டாம் படி: சோதனை

உங்கள் மேசையில் தளம் வேகமாகத்தான் இருக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு தொலைபேசி ஒன்றை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய், நண்பகல் வெயிலில் திறந்து பாருங்கள். முதன்மையான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டுமென்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அவர்களுடைய பேஜ்ஸ்பீடு கருவி கட்டணமின்றி அளந்து காட்டும். பிறகு தளத்தை இதுவரை பார்க்காத மூவரிடம், அவர்களில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவராக, தொலைபேசியைக் கொடுத்து 'ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. அவர்கள் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்துங்கள்.

ஒன்பதாம் படி: கூலியும் ஒப்படைப்பும்

கூலியைப் பேசும்போது ஒருமுறைச் செலவையும் ஆண்டுச் செலவையும் தனித்தனியாக ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பாதித் தொகையை முன்பணமாக வாங்கக் கூச்சப்படாதீர்கள். மிட்டாய்க் கடையிலும் கல்யாண ஆர்டருக்கு முன்பணம் வாங்கித்தானே பாகு காய்ச்சுகிறார்கள். தெரிந்தவர் என்பதற்காக இலவசமாகச் செய்துகொடுத்தால், ஒவ்வொரு திருத்தமும் உங்களுக்குச் சுமையாகவும் அவருக்குச் சங்கடமாகவும் மாறும்.

வேலை முடிந்ததும் தளப்பெயர் எங்கே வாங்கப்பட்டது, புதுப்பிக்கும் தேதி எது, ஹோஸ்டிங் எங்கே, எந்த மின்னஞ்சலால் நுழைவது, பழுதானால் யாரை அழைப்பது என்பவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி லேமினேட் செய்து கொடுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுதாமல் உரிமையாளரே தனியாக வைத்துக்கொள்ளட்டும். விலையை மாற்றுவது எப்படி என்று அவர் வீட்டில் யாராவது ஒருவரை உங்கள் முன்னிலையில் இரண்டு முறை செய்யவைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு சனிக்கிழமை அதே நோட்டுடன் போய், அதே முக்காலியில் உட்கார்ந்து கோடு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி குறைந்து, கூரியர் கட்டணக் கேள்வி மட்டும் முன்போலவே வந்துகொண்டிருந்தால், மாவட்டவாரியாக ஒரு சிறு கட்டண அட்டவணையைச் சேர்த்து, அதை விலைக்கு நேர் கீழே கொண்டுவந்து வையுங்கள். நோட்டில் முன்பு இல்லாத புதிய கேள்வி ஒன்று எழுந்திருந்தால், அடுத்து எழுத வேண்டிய பக்கம் அதுவே.